கேம்பஸும் அக்கம்பக்கமும்: அடிக்கடி கேக்கற கேள்விகள்

நான் தரமணில பொறந்து வளர்ந்தவ. தென்சென்னைல ஒரு காலேஜ்ல பாடம் எடுத்தேன், அதுல நாலு வருஷம் என்எஸ்எஸ் (நாட்டு நலப்பணித் திட்டம்) ப்ரோக்ராம் ஆபீசரா இருந்தேன், இப்போ ரிட்டயர் ஆயி எங்க தெரு குடியிருப்போர் நலச்சங்கத்துல இருக்கேன். அதனால காம்பவுண்ட் சுவத்துக்கு உள்ள நின்னும் பார்த்திருக்கேன், வெளிய நின்னும் பார்த்திருக்கேன். உள்ள இருக்கறவங்க "எவ்ளோ பண்ணாலும் ஊர்க்காரங்க எங்கள திட்டிட்டேதான் இருக்காங்க"ன்னு சொல்வாங்க, வெளிய இருக்கறவங்க "அது பெரிய இடம்மா, நம்மள எங்க மதிப்பாங்க"ன்னு சொல்வாங்க. ரெண்டு பேரும் என்கிட்ட கேட்ட கேள்விகளைத்தான் இங்க எழுதிருக்கேன்.

அக்கம்பக்கம்னா யாரு? வீடு வச்சிருக்கறவங்க மட்டுமா?

இல்ல. நிறைய காலேஜ் இங்கதான் தப்பு பண்ணுது. நலச்சங்க தலைவரையும் கவுன்சிலரையும் கூப்பிட்டு சால்வை போட்டா அக்கம்பக்கத்தோட பேசியாச்சுன்னு நினைச்சுக்கறாங்க. கேட் வாசல்ல பஜ்ஜி போடற அக்கா, ஆட்டோ ஸ்டாண்ட் அண்ணனுங்க, ஹாஸ்டல்ல பாத்திரம் கழுவ வர்றவங்க, சுவத்தை ஒட்டின கார்ப்பரேஷன் ஸ்கூல், கேம்பஸ் தண்ணி வடியற பக்கம் குடியிருக்கறவங்க, இவங்க எல்லாருமே அக்கம்பக்கம்தான். சேப்பாக்கத்துல மெட்ராஸ் யுனிவர்சிட்டி 1857லேர்ந்து இருக்கு, அதுக்கு திருவல்லிக்கேணி மேன்ஷன்காரங்க எப்படி பக்கத்து வீடோ அப்படித்தான் அயோத்தியா குப்பத்து மீனவங்களும்.

இன்னொண்ணு, யாரு முதல்ல வந்தாங்கன்னும் பாக்கணும். தாம்பரத்துல கிறிஸ்டியன் காலேஜ் 1937ல சேலையூர் காட்டுப்பக்கம் 365 ஏக்கர்ல வந்து உக்காந்தப்போ சுத்தி இவ்ளோ ஊர் இல்ல, ஊர் அப்புறம்தான் வளர்ந்துச்சு. ஐஐடி 1959ல கிண்டி காட்டுலேர்ந்து 250 ஹெக்டேர் வாங்கி வந்துச்சு, ஆனா உள்ள இன்னிக்கும் பழைய கோயில்கள் இருக்கு, அதைக் கும்பிட்டவங்க யாரோ இருந்திருக்காங்க இல்லயா. ஓஎம்ஆர் பக்கம் போனா கிராமம் முதல்ல, காலேஜ் அப்புறம். அங்க இருக்கற பெரியவங்க "இது எங்க மாடு மேய்ஞ்ச இடம்"னு சொல்றப்போ அத பழைய கதைன்னு தள்ளிவிட்டுட்டு பேச ஆரம்பிச்சா அந்த பேச்சு நகராது.

இந்த சண்டை நம்ம ஊர்ல மட்டும்தானா?

அய்யோ இல்ல. இங்கிலாந்துல ஆக்ஸ்ஃபோர்ட்ல 1355 பிப்ரவரி 10ம் தேதி ஒரு மதுக்கடைல ஒயின் நல்லா இல்லன்னு ஸ்டூடன்ட்ஸ் ரெண்டு பேர் ஆரம்பிச்ச தகராறு பெருசாகி, மாணவர் பக்கம் 63 பேரும் ஊர் பக்கம் 30 பேர் அளவுலயும் செத்துப் போனாங்க. அதுக்கப்புறம் ஊர் மேயர் வருஷா வருஷம் வந்து யுனிவர்சிட்டிக்கு அபராதம் கட்டி மன்னிப்பு கேக்கணும்னு ஆக்கி, அது 1825 வரைக்கும் நடந்துச்சு. ஒரு பக்கத்த மட்டும் 470 வருஷம் தலை குனிய வச்சா அது எப்படி சமாதானம் ஆகும்னு நீங்களே யோசிங்க. இந்தப் பக்கம் பார்த்தா அமெரிக்கால யேல் யுனிவர்சிட்டி, தன்னோட நிலத்துல பெரும்பாலானதுக்கு வரி இல்லன்னு ஊர்க்காரங்க ரொம்ப வருஷம் கேள்வி கேட்டதுக்கு அப்புறம், 2021ல நியூ ஹேவன் நகரத்துக்கு ஆறு வருஷத்துல 13 கோடியே 50 லட்சம் டாலர் தர்றதா ஒத்துக்கிச்சு. ஊர் விடாம கேட்டுச்சு, அதான் விஷயம்.

என்எஸ்எஸ் இருக்கே, அது போதாதா?

இதுக்கு நான் கொஞ்சம் நீளமா பதில் சொல்லணும், ஏன்னா நானே பண்ணது.

என்எஸ்எஸ் 1969 செப்டம்பர் 24ல காந்தி நூற்றாண்டு வருஷத்துல 37 யுனிவர்சிட்டில 40,000 பசங்களோட ஆரம்பிச்சாங்க. ரெண்டு வருஷத்துல 240 மணி நேரம், அதோட ஒரு ஏழு நாள் ஸ்பெஷல் கேம்ப். ரொம்ப நல்ல ஏற்பாடு, நான் அதுல பாத்த பசங்க சில பேரு இன்னிக்கும் ரத்தம் வேணும்னா ராத்திரி ரெண்டு மணிக்கு வண்டி எடுத்துட்டு கிளம்பறவங்க. ஆனா கணக்கப் பாருங்க. வாலன்டியர் ரெண்டு வருஷம்தான் இருப்பான். ப்ரோக்ராம் ஆபீசர் மூணு நாலு வருஷத்துல மாறிடுவாங்க. கிராமம் மட்டும் அதே இடத்துல இருக்கு.

நான் ஆபீசரா வந்த முதல் வருஷம் செங்கல்பட்டு பக்கம் ஒரு ஊர்ல கேம்ப் போட்டோம். கருவேலம் வெட்டினோம், ஸ்கூல் சுவத்துக்கு பெயின்ட் அடிச்சோம், கண் பரிசோதனை முகாம் நடத்துனோம், கடைசி நாள் கல்ச்சுரல்ஸ், ஊரே வந்து சோறு போட்டாங்க, பசங்க அழுதுட்டே பஸ் ஏறினாங்க. அடுத்த வருஷம் வேற ஊருக்குப் போகச் சொல்லி முடிவாச்சு. ஏதோ வேலையா நான் மட்டும் பழைய ஊர் வழியா போனேன், பஸ் ஸ்டாப்ல ஒரு ஆயா என்னை அடையாளம் கண்டுக்கிட்டு கையப் புடிச்சிக்கிச்சு. "டீச்சரம்மா, கண்ணாடிக்கு பேரு எழுதிக்கினு போனீங்களே, எப்போ வரும்?" அப்படின்னு கேட்டுச்சு. முகாம்ல கண்ணாடி தேவைன்னு நாங்க எழுதின லிஸ்ட்ல 41 பேரு. அந்த லிஸ்ட் எங்க ரிப்போர்ட்ல "பயனடைந்தோர் எண்ணிக்கை"ன்னு போயிடுச்சு, கண்ணாடி போகல. யாரு வாங்கித் தரணும்னு யாருமே பேசல, நானும் கேக்கல. அந்த ஆயா ஒரு வருஷம் காத்துட்டு இருந்திருக்கு.

அன்னிலேர்ந்து என் கட்சி ஒண்ணுதான். கேம்ப் முடிஞ்சு பஸ் கிளம்பின மறுநாள் அந்த ஊருக்கு யாரு பொறுப்புன்னு முன்னாடியே எழுதி வைக்கலன்னா கேம்பே போடாதீங்க. 2014ல வந்த உன்னத் பாரத் அபியான்ல ஒரு காலேஜ் அஞ்சு கிராமத்த தத்து எடுக்கலாம்னு இருக்கு, அதுக்கும் இதேதான் சொல்வேன். எனக்கு "தத்து"ங்கற வார்த்தையே பிடிக்கல, ஊர் ஒண்ணும் அநாதை இல்ல. ஒரே ஊருக்கு அஞ்சு வருஷம் போங்க, அது போதும்.

எங்க ஏரியால வருஷா வருஷம் யாராவது சர்வே எடுக்க வர்றாங்க. பதில் சொல்லணுமா?

இஷ்டம் இருந்தா சொல்லுங்க, இல்லன்னா வேணாம்னு சொல்ல உங்களுக்கு முழு உரிமை இருக்கு. கண்ணகி நகர், பெரும்பாக்கம் ஜனங்க இதுல ரொம்ப நொந்து போயிருக்காங்க. ஆத்தோரத்துலேர்ந்து தூக்கி அவ்ளோ தூரத்துல கொண்டுபோய் விட்டாங்க, அதப் பத்தி தெரிஞ்சுக்க வர்ற ஒவ்வொருத்தரும் முதல்லேர்ந்து அதே கதைய சொல்ல வைக்கறாங்க, எந்த இடத்துலேர்ந்து வந்தீங்க, வேலை போச்சா, புள்ளைங்க ஸ்கூல விட்டுச்சான்னு. சொல்றப்போ அழுகை வருது, கேட்டவங்க எழுதிக்கிட்டு போயிடறாங்க, அது என்ன ஆச்சுன்னு கடைசி வரைக்கும் தெரியாது.

ஆராய்ச்சி பண்றவங்களுக்கு நான் சொல்றது: ஏற்கனவே யாரு எடுத்தாங்கன்னு தேடிப் படிச்சிட்டு வாங்க, அதுல இருக்கற கேள்விய திரும்ப கேக்காதீங்க. ஆதார் நம்பர் கேக்காதீங்க. ஒரு நாள் கூலிய விட்டுட்டு உக்காந்து பேசறாங்கன்னா அந்த நேரத்துக்கு மதிப்பு குடுங்க. முடிச்சதும் ரெண்டு பக்கத்துல தமிழ்ல எழுதிக் கொண்டு போய் அதே இடத்துல படிச்சுக் காட்டுங்க. தப்பா எழுதிருந்தா அங்கயே திருத்துவாங்க, எந்த கைடும் அப்படித் திருத்த முடியாது. சோசியல் ஒர்க் படிக்கிற பசங்க ஃபீல்ட் ஒர்க்னு அதே இடத்துக்கு அதே கிழமைல ஒரு செமஸ்டர் பூரா போவாங்க, 1952ல ஆரம்பிச்ச, எழும்பூர்ல இருக்கற மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோசியல் ஒர்க் மாதிரி இடங்கள்ல இந்த முறை ரொம்ப காலமா இருக்கு. வர்ற பொண்ணு பேரு ஜனங்களுக்குத் தெரியும், வரலன்னா "ஏன் காணோம்"னு கேப்பாங்க. மத்த டிபார்ட்மென்ட்காரங்களும் அத பாத்து கத்துக்கலாம்.

நல்லா நடக்கற உதாரணம் சென்னைல ஏதாவது இருக்கா?

இருக்கு. வேப்பேரி மாட்டாஸ்பத்திரிய யாருமே "யுனிவர்சிட்டி"ன்னு நினைச்சுப் பாக்கறதில்ல, ஆனா அது 1903ல ஆரம்பிச்ச கால்நடை மருத்துவக் கல்லூரி, 1989லேர்ந்து கால்நடை பல்கலைக்கழகத்துக்குள்ள வருது. நாய், பூனை, ஆடு, கிளி எல்லாத்தையும் தூக்கிட்டு ஊர் முழுக்க இருந்து வர்றாங்க, கார்ல வர்றவங்களும் ஷேர் ஆட்டோல வர்றவங்களும் ஒரே பெஞ்சுல உக்காந்திருப்பாங்க. பசங்களுக்கு அதுதான் படிப்பு, ஜனங்களுக்கு அது வைத்தியம், யாரும் யாருக்கும் தானம் பண்ணல. அரசு பல் மருத்துவக் கல்லூரியும் அப்படித்தான். சட்டக் கல்லூரிகள்ல இலவச சட்ட உதவி மையம் இருக்கணும், அத ஒழுங்கா வாரத்துல ரெண்டு சாயங்காலம் திறந்து வச்சாலே பட்டா பிரச்சனை, வாடகைத் தகராறுன்னு வரிசையா வருவாங்க. ஒரு காலேஜுக்கு எது நல்லா தெரியுமோ அத வாசல்ல வைங்க. இஞ்சினியரிங் காலேஜ் எதுக்கு கண் முகாம் நடத்தணும்? பக்கத்து தெருவுல மழைத்தண்ணி எங்க நிக்குதுன்னு மேடு பள்ளம் அளந்து லெவல் எடுத்துக் குடுக்கலாமே.

தண்ணி விஷயத்துல ஏன் இவ்ளோ கோவம்?

2019 கோடைய மறக்க முடியுமா. பூண்டி, சோழவரம், ரெட் ஹில்ஸ், செம்பரம்பாக்கம் நாலும் வறண்டு கிடந்தப்போ தெருவுல குடத்தோட ராத்திரி பூரா நின்னவங்க, பக்கத்துல இருக்கற கேம்பஸ் கேட்டுக்குள்ள தண்ணி லாரி ஒண்ணு பின்னாடி ஒண்ணா போறத பாத்தாங்க. உள்ள ஹாஸ்டல்ல இருந்த பசங்களுக்கும் கஷ்டம்தான், குளிக்க தண்ணி இல்லாம ஊருக்கு அனுப்பி வச்சாங்க, ஆனா அது வெளிய யாருக்குத் தெரியும்? வெளிய தெரிஞ்சது லாரி மட்டும்தான். போர்வெல் எத்தனை, எவ்ளோ ஆழம், ஒரு நாளைக்கு எவ்ளோ எடுக்கறோம், கழிவுநீர சுத்தம் பண்ணி எவ்ளோ திரும்ப உபயோகிக்கறோம்னு கேட் பக்கத்துல ஒரு போர்டுல எழுதிப் போட்டா பாதி வதந்தி அன்னிக்கே அடங்கும். மறைச்சா சந்தேகம்தான் வளரும்.

மழைக்காலத்துல அதே கோவம் வேற மாதிரி வரும். காம்பவுண்ட் சுவத்த உயர்த்தி, உள்ள மண் கொட்டி மேடாக்குனா தண்ணி பக்கத்து தெருவுக்குத்தான் போகும். பள்ளிக்கரணை சதுப்பு நிலம் 2022ல உலக அளவுல முக்கியமான ஈரநிலங்களோட ராம்சார் பட்டியல்ல வந்துச்சு, ஆனா அதுக்கு முன்னாடியே அத சுத்தி எவ்ளோ கட்டியாச்சு, அதுல கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களும் உண்டு. புது பில்டிங் ப்ளான் போடறப்பவே கீழ்ப்பக்கம் இருக்கற தெருக்காரங்கள கூப்பிட்டு தண்ணி எந்த வழியா போகும்னு கேளுங்க. 2015 டிசம்பர்ல எந்த படி வரைக்கும் தண்ணி ஏறுச்சுன்னு அவங்க வீட்டு சுவத்துல கோடு இருக்கு.

குப்பை?

ஒரு நாளைக்கு 100 கிலோவுக்கு மேல குப்பை வந்தா அவங்களே பிரிச்சு கையாளணும்னு 2016 விதிகள்லயே வந்துடுச்சு. ஹாஸ்டல் மெஸ் இருந்தாலே அது தாண்டிடும். செய்யலன்னா கார்ப்பரேஷன் மண்டல ஆபீஸ்ல புகார் குடுங்க.

கல்ச்சுரல்ஸ் சத்தத்துல தூங்க முடியல, என்ன பண்றது?

ராத்திரி 10லேர்ந்து காலைல 6 வரைக்கும் வெளிய ஸ்பீக்கர் கூடாதுங்கறது 2000ம் வருஷத்து ஒலி விதி. காலேஜ சுத்தி 100 மீட்டர அரசு அமைதி மண்டலமா அறிவிக்கலாம்னும் அதுல இருக்கு, அது நம்ம ஹாரன் அடிச்சு அவங்கள தொந்தரவு பண்ணக்கூடாதுன்னு வந்த விதி, அத காலேஜே மீறுறது சரி இல்ல. ஆனா போலீசுக்கு போன் பண்றதுக்கு முன்னாடி ஒரு வழி இருக்கு. எங்க தெருவுல நாங்க ஸ்டூடன்ட் கவுன்சில் பசங்கள நேர்ல பாத்தோம். ஒரு வாரம் முன்னாடி தெருவுக்கு நோட்டீஸ், ஸ்பீக்கர் வீடுகள் பக்கம் திரும்பக்கூடாது, ராத்திரி போன் எடுக்கற மாதிரி ஒரு பையன் நம்பர், இவ்ளோதான் கேட்டோம். பசங்க உடனே ஒத்துக்கிட்டாங்க. தெருவுல ஒரு தாத்தா படுத்த படுக்கையா இருக்கார்னு அவங்களுக்கு அதுவரைக்கும் யாருமே சொல்லல.

பஸ் டே, ரூட்டு தல பசங்கள என்ன செய்யறது? அவங்களாலதான் காலேஜ் பேரே கெடுது.

பஸ் டேன்னா காலேஜ் பசங்க தாங்க தினமும் வர்ற பஸ்ஸ கொண்டாடற நாள், ரூட்டு தலன்னா அந்த ரூட் பசங்களுக்குத் தலைவன். 2019 ஜூன்ல பஸ் கூரை மேல ஏறுன பசங்க பிரேக் அடிச்சதும் கொத்தா கீழ விழுந்த வீடியோவ எல்லாரும் பாத்திருப்பீங்க, எனக்கு இன்னிக்கும் வயிறு கலங்குது. பயணிகள் பயப்படறாங்க, கண்டக்டருங்க திட்டு வாங்கறாங்க, அதெல்லாம் உண்மை, கத்தி எடுத்தவன கேஸ் போடாம விடுங்கன்னு நான் சொல்லல. ஆனா அந்த பசங்க யாரு? பாதிப் பேரு வீட்டுல முதல் தடவையா காலேஜ் படிக்கறவங்க. திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி பக்கத்துலேர்ந்து தினமும் ரெண்டு மணி நேரம் ட்ரெயின்லயும் பஸ்லயும் வர்றவங்க, ஹாஸ்டல் கிடையாது, கேம்பஸ்ல மதியத்துக்கு மேல இருக்க இடம் கிடையாது. அவங்களுக்கு காலேஜ் வாழ்க்கைங்கறதே அந்த பஸ்தான். கிரவுண்ட், ஜிம், சாயங்கால லைப்ரரி, ஒரு கானா மேடை, இதெல்லாம் குடுத்துப் பாருங்க. டிப்போ டிரைவர், கண்டக்டரயும் அந்த ரூட் பசங்களயும் வருஷ ஆரம்பத்துலயே ஒரே ரூம்ல உக்கார வச்சு டீ குடுத்து பேச விடுங்க. பேர் தெரிஞ்ச கண்டக்டர் கிட்ட பையன் அவ்ளோ சீக்கிரம் வம்பு பண்ண மாட்டான்.

ஜனங்களுக்கு ஸ்டூடன்ட்ஸ்னாலே ஆகாதுன்னும் சொல்லாதீங்க. 2017 ஜனவரி 23 காலைல மெரினால இருந்து ஜல்லிக்கட்டு போராட்டக்காரங்கள வெளியேத்துனப்போ ஓடி வந்த பசங்களுக்கு தண்ணியும் சோறும் குடுத்து வீட்டுக்குள்ள வச்சு காப்பாத்துனது கடற்கரை குப்பத்து ஜனங்கதான். அன்னிக்கு நடுக்குப்பம் மீன் மார்க்கெட்டே எரிஞ்சு போச்சு. அந்தக் கடன் நம்ம மாணவர்கள் மேல இன்னும் இருக்கு.

வெளியூர்ப் பசங்களுக்கு வீடு கிடைக்க மாட்டேங்குதே?

இதுல தப்பு நம்ம பக்கம்தான், வீட்டுக்காரங்கள சொல்றேன். வடகிழக்குப் பொண்ணுன்னா யோசிக்கறது, முஸ்லிம் பையன்னா "இப்பதான் வேற ஒருத்தருக்கு குடுத்துட்டோம்"ங்கறது, ஆப்பிரிக்கப் பையன்னா கதவே திறக்காம இருக்கறது, நான் என் காதால கேட்டிருக்கேன். பத்து மாச அட்வான்ஸ் கேக்கறதும் அப்படித்தான், 2017 வாடகைச் சட்டப்படி வேற மாதிரி ஒப்பந்தம் எழுதிக்காத பட்சத்துல மூணு மாச வாடகைதான். பொண்ணுங்க ஹாஸ்டல், பிஜி நடத்துனா 2014 சட்டப்படி பதிவு பண்ணணும். காலேஜ் பக்கம் என்ன செய்யலாம்னா, ஒரு ஹவுசிங் டெஸ்க் வச்சு நல்ல வீட்டுக்காரங்க லிஸ்ட் வச்சிருக்கலாம், தகராறு வந்தா நடுவுல நிக்கலாம். பையன் வாடகை குடுக்கலன்னாலும் அட்வான்ஸ் திரும்ப வரலன்னாலும் பேச ஒரு ஆளு இருக்குன்னா வீட்டுக்காரங்களுக்கும் தைரியம் வரும்.

வாசல் கடைகள எடுக்கணுமா, விடணுமா?

பீடி சிகரெட் கடைய எடுக்கத்தான் வேணும், 100 கெஜத்துக்குள்ள கூடாதுங்கறது 2003 சட்டம். ஆனா அத சாக்கா வச்சு இட்லிக்கார அம்மாவயும் தூக்கறாங்க, அது தப்பு. 2014 தெரு வியாபாரிகள் சட்டப்படி வியாபாரக் குழுவுல 40 சதவீதம் வியாபாரிங்களே இருக்கணும், அவங்கள கேக்காம இடம் மாத்த முடியாது. காலேஜ் காசே செலவழிக்காம ஒரு உதவி பண்ணலாம், அக்கடமிக் காலண்டர தமிழ்ல ஒரு காப்பி எடுத்து கடைக்காரங்களுக்குக் குடுங்க. எப்போ லீவு, எப்போ எக்ஸாம், எப்போ ஹாஸ்டல் காலியாகும்னு தெரியாம மாவு அரைச்சு வீணாப் போறத நான் பாத்திருக்கேன். ஒரு அக்கா தீபாவளி லீவ கேட் செக்யூரிட்டி கிட்ட கேட்டுத்தான் தெரிஞ்சுக்குவாங்க, அவரும் சில சமயம் தப்பா சொல்லிடுவாரு.

காலேஜ் கேட்டை எல்லாருக்கும் திறந்து விடணுமா?

முழுசா திறக்க முடியாது, லேடீஸ் ஹாஸ்டல் இருக்கு, லேப் இருக்கு, ஐஐடி மாதிரி இடத்துல மான் இருக்கு. ஆனா ஒரேயடியா மூடி வைக்கவும் வேணாம். 2025 ஜனவரில ஐஐடி ரெண்டு நாள் பொதுமக்களுக்குத் திறந்து விட்டப்போ, சுவத்துக்கு இந்தப் பக்கமே வளர்ந்த புள்ளைங்க முதல் தடவையா உள்ள போயி லேப் பாத்தாங்க. பெரியவங்களுக்கு காலைல நடக்க ஒரு மணி நேரம், பக்கத்து ஸ்கூல் புள்ளைங்களுக்கு சனிக்கிழமை கிரவுண்டு, ப்ளஸ் டூ பசங்களுக்கு எக்ஸாம் மாசம் ரீடிங் ரூம், பேர் எழுதி கார்டு குடுத்து உள்ள விடலாம்.

காலேஜ் நாங்க சொல்றத காதுலயே வாங்கல. நாங்க என்ன பண்ணலாம்?

முதல்ல யாருக்கு எழுதறதுன்னு தெரிஞ்சுக்கோங்க. விசிக்கு, அதாவது துணைவேந்தருக்கு, எழுதுன லெட்டர் பத்து டேபிள் சுத்தும். சுவர், தண்ணி, குப்பைன்னா எஸ்டேட் ஆபீசர், ஹாஸ்டல் சத்தம்னா வார்டன், மத்ததுக்கு ரெஜிஸ்ட்ரார். ரெண்டு காப்பி எடுத்து ஒண்ணுல சீல் வாங்கிக்கோங்க. அரசு யுனிவர்சிட்டின்னா 10 ரூபாய் கட்டி தகவல் உரிமைச் சட்டப்படி ஆர்டிஐ மனு போடலாம், 30 நாள்ல பதில் தரணும். சென்னைக்குள்ளன்னா வார்டுல நடக்கற ஏரியா சபைல சொல்லுங்க. பஞ்சாயத்துன்னா கிராம சபை வருஷத்துல ஆறு தடவை, ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அதுக்கு காலேஜ் ஆளுங்களயும் வரச் சொல்லி லெட்டர் குடுங்க. திட்டறதுக்கு மட்டும் கூப்பிடாதீங்க, நல்லது நடந்தா அதையும் அங்கயே சொல்லுங்க.

எங்களது சின்ன காலேஜ், பணமும் இல்ல. எங்க ஆரம்பிக்கறது?

ஒரு சாயங்காலம் பிரின்சிபாலும் ரெண்டு ஸ்டாஃபும் நாலு பசங்களும் காம்பவுண்ட் சுவத்த வெளிப்பக்கமா ஒரு சுத்து நடந்து வாங்க. நிறைய பேரு இருபது வருஷம் வேலை பாத்தும் அந்தப் பக்கம் நடந்ததே இல்ல. கடைல டீ குடிங்க, கேளுங்க, எழுதிக்கோங்க, அங்க நின்னு எதையும் வாக்கு குடுக்காதீங்க. அப்புறம் ஒரு ஆள நியமிங்க, ஆபீஸ் உதவியாளரா இருந்தாலும் பரவால்ல, ஆனா ட்ரான்ஸ்ஃபர் ஆகாத ஆளா இருக்கணும். அவர் நம்பர கேட்டுல எழுதுங்க. ஒரு நோட்டு வைங்க, வந்த விஷயம், தேதி, என்ன ஆச்சு. புது ஆபீசர் வந்தா சாவி குடுக்கற மாதிரி அந்த நோட்ட கைல குடுங்க.

எவ்ளோ நாள்ல பலன் தெரியும்?

நாங்க அந்த கண்ணாடி விஷயத்துக்கு அப்புறம் அதே ஊருக்கே திரும்பப் போனோம். லிஸ்ட்ட தேடி எடுத்து 41 பேருல 33 பேருக்கு ஒரு லயன்ஸ் கிளப் மூலமா கண்ணாடி வாங்கிக் குடுத்தோம், மீதி எட்டுப் பேருல சில பேரு ஊர விட்டுப் போயிருந்தாங்க, ரெண்டு பேரு உயிரோடயே இல்ல. முதல் வருஷம் நாங்க வச்ச நோட்டுல வந்ததெல்லாம் புகார், ரெண்டாவது வருஷமும் பெரும்பாலும் புகார்தான். மூணாவது வருஷம் மே மாசம் ஒரு போன் வந்துச்சு. கண்ணாடி கேட்ட ஆயாவோட பேத்தி, ப்ளஸ் டூ ரிசல்ட் வந்திருக்கு, எந்த கோர்ஸ் எடுக்கலாம்னு யாருகிட்ட கேக்கறதுன்னு தெரியல மேடம், உங்க நம்பர்தான் எங்க வீட்டு சுவத்துல எழுதிருக்குன்னா.